பிடுங்கினாலும் ஓடுகிற கணினி

எங்கள் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனபோது புதிதாக ஒன்று வாங்கிப் போடும்படி எல்லோரும் சொன்னார்கள். ஒன்றைச் செய் என்று நாலு பேர் சொன்னால் எனக்கு அதைச் செய்யக் கை வராது. டிஸ்க்கே இல்லாமல் பென் டிரைவில் இருந்து கணினியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று இறங்கிவிட்டேன். லினக்ஸில் அப்படி ஓடக்கூடிய வகைகள் ஏராளம். இணையத்தில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, செருகிவிட்டுக் கணினியைப் போட்டால் போதும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்றலாம். இவ்வளவு சுதந்திரம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. கலியாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக வந்தது. இன்னொன்று ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டது. "தினமும் எங்கடை வீட்டிலை சாப்பிட்டுட்டு, நீங்கள் ஆரெண்டு கேக்கிற ஆளாக்கும் உது," என்றாள் மனைவி. மற்றொன்று மெலிந்த உருப்படி. தன்னை முழுவதுமாகக் கணினியின் நினைவகத்துக்குள் இழுத்துக்கொண்டுவிடும், பிறகு பென் டிரைவே தேவையில்லை. ஆனால் முகவெட்டு சரியில்லை. அரசாங்கக் கந்தோர்களில் ஒரு காலத்தில் கிடந்த பழைய கணினிகளின் திரை போல ஒரே சாம்பல். கடைசியில் ஒரு பெரிய அழகியைக் கண்டுபிடித்தேன். திறந்து வர ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுக்கும், ஆனால் வந்தால் கண்ணை எடுக்க முடியாது. இதுதான் நமக்கு என்று முடிவு கட்டினேன்.

அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. பின்னேரமானால் இடி. வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் ஒரு தென்னையில் இடி விழுந்து எங்கள் டிவி எரிந்த நாளிலிருந்து, முதல் முழக்கம் கேட்டதும் மனைவி வீட்டைச் சுற்றி ஓடி எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவாள். யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கும், அதில் பிழை சொல்ல மாட்டேன். அவள் ஒரு படி மேலே போய், வெளியில் துருத்திக்கொண்டு எது தெரிந்தாலும் இழுப்பாள். நான் கோயில் சிறப்பு மலருக்கு மும்முரமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது பென் டிரைவையும் இழுத்துவிட்டாள். அழகி அப்படியே உறைந்து போனாள். கட்டுரையும் போயிற்று.

"இடி முழங்கிறது காதிலை விழேல்லையே உங்களுக்கு?" என்று என்னைத்தான் ஏசினாள்.

"அது பிளக் இல்லையப்பா!"

"செருகியிருந்ததுதானே. என்ரை கை தானாப் போகுது, நான் என்ன செய்ய?"

கட்டுரை போனது பெரிய விஷயமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் மச்சாள், மனைவியின் தங்கை, அந்தக் கணினிக்கு முன்னால் இருக்கப்போகிறாள் என்பதுதான் விஷயம். மருதனார்மடத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். வயது நாற்பதைத் தொடுகிறது. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுச் சொன்ன சம்பந்தம் எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றவள், நோர்வேயில் இருக்கும் ஒருவரின் படத்தைப் பார்த்து, தானே அவரோடு கதைக்க வேண்டும் என்று முதன்முறையாகக் கேட்டிருந்தாள். அவளுடைய பழைய கைபேசி வீடியோவைத் தாங்காமல் அழைப்பு இரண்டு முறையும் பாதியில் அறுந்துவிட்டது.

"இன்னொருக்கா அறுந்துதெண்டா இந்தக் கதையை விட்டிடுங்கோ அத்தான்," என்று சொல்லியிருந்தாள். "திரும்பத் திரும்பப் பொட்டு வைச்சுக்கொண்டு வந்து இருக்க என்னாலை ஏலாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மனைவியின் கையை மாற்ற முடியாது, கணினியை மாற்றலாம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழகியை அழித்துவிட்டு, அந்தச் சாம்பல் மூஞ்சிக்காரனை மறுபடி ஏற்றினேன். ஓடவிட்டுப் பென் டிரைவைக் கழற்றிப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு ஓடினான். ஆனால் சனிக்கிழமை இடி முழங்கியபோது, அதில் இழுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் மனைவி கணினியின் மூடியையே அடித்து மூடித் தூங்கவைத்துவிட்டாள். ஆகவே ஞாயிறன்று பென் டிரைவை வேண்டுமென்றே செருகியபடி விட்டேன். அவள் கைக்கும் ஒரு வேலை வேண்டுமே.

மச்சாள் வந்தாள். சார்ஜரும் ரவுட்டரும் போனாலும் ஓடட்டும் என்று கணினிக்குப் புதுப் பற்றரி போட்டிருந்தேன், இணையத்துக்கு அவளுடைய கைபேசியையே இணைத்திருந்தேன். நோர்வே முகம் தெளிவாக வந்தது, நல்ல வழுக்கையுடன். இருவரும் சாப்பாடு, குளிர் என்று கதைத்து முடித்துவிட்டு அடுத்து என்ன கேட்பதென்று முழித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வானம் முழங்கியது. சமையலறையிலிருந்து மனைவி பாய்ந்து வந்தாள். டிவி, ரவுட்டர், சார்ஜர், கடைசியாகப் பென் டிரைவ். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன, அங்கை ஏதும் விழுந்திட்டுதோ?" என்று நோர்வேயிலிருந்து குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். சாம்பல் மூஞ்சிக்காரன் அசையவில்லை.

"இல்லை, இடி முழங்குது. அக்கா கண்டதெல்லாத்தையும் இழுத்துப் போடுறா," என்றாள் மச்சாள், வெட்கத்துடன்.

அந்த மனிதர் சிரித்தார். "எங்கடை அம்மாவும் இப்பிடித்தான். நானும் இஞ்சை இடி முழங்கினா ஓடிப்போய் டிவியைக் கழட்டுறனான். கூட வேலை செய்யிற வெள்ளையள் என்னை விசரனெண்டு நினைக்கிறாங்கள்."

"பிறிட்ஜும் கழட்டுவீங்களோ?"

"பின்னை?"

மச்சாள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமோ. மனைவி பென் டிரைவைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. முன்னறையிலிருந்து பேச்சும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. எங்கள் வீட்டில் மச்சாள் இவ்வளவு கதைத்ததில்லை. நெடுநேரம் கழித்து அவள் எழுந்து வந்து செம்பில் தண்ணீர் வார்த்தாள்.

"முடிஞ்சுதோடி?" என்று மனைவி தவிப்போடு கேட்டாள்.

"இல்லையக்கா, தொண்டை காய்ஞ்சு போச்சு," என்று மடமடவென்று குடித்தாள். திரும்பிப் போகும்போது என்னிடம், "அத்தான், அந்த முன்னறைக் கதவை ஒருக்காச் சாத்திவிடுங்கோ," என்றாள்.

நான் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.