கழுவாமல் கொடுக்க வேண்டியது

முதல் குழாயின் மூடியைத் திறந்ததும் சோப்பு மணத்தது. என் கையுறையில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அதைக் கழற்றிப் போட்டு வேறு மாட்டிக்கொண்டேன். இரண்டாவது குழாயில் சீயக்காய் வாசம். மூன்றாவதில் வாசம் எதுவும் இல்லை, ஆனால் உள்ளே இருந்த திரவம் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அது கொஞ்சமாவது கலங்கியிருக்க வேண்டும்.

2009 வாக்கில், தேனியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பழனிசெட்டிபட்டியில் இன்னொரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்று அப்போது எங்கள் மருத்துவமனையில் நடந்தது. அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அது உடம்பில் வந்து பல வருடம் சத்தமில்லாமல் தங்கி, மெதுவாகத்தான் புற்றாக மாறும். அந்த இடைக்காலத்தில் பிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையோடு போய்விடும். வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை.

மருத்துவரிடம் வரத் தயங்கும் பெண்கள், மாதிரியைத் தாங்களே வீட்டில் எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தில் புதியது. ஒரு ஜிப் பை தருவோம். அதில் மென்மையான சிறு பிரஷ் ஒன்று, மூடி போட்ட குழாய் ஒன்று, குழாயின் அடியில் கொஞ்சம் திரவம், எப்படிச் செய்வது என்று படம் போட்ட தாள் ஒன்று. பிரஷை உள்ளே விட்டு, சில சுற்றுச் சுற்றி, எடுத்து, குழாய்க்குள் போட்டு மூட வேண்டும். அவ்வளவுதான்.

அன்று என் முன்னால் இருந்தவை ராயப்பன்பட்டியிலிருந்து வந்த குழாய்கள். அது என் ஊர். அந்தப் பைகளை முந்தைய ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த பெண்களிடம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வாங்கியவர்களில் என் சித்தி ஒருத்தி.

அம்மாவின் தங்கை அவள். கம்பம்மெட்டு வழியாக மலையேறும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய், காய் பறித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புபவள். ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே பெண்தான் உட்காருவாள். இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடும் அளவுக்குச் சிநேகம். அந்தப் பெண் முந்தைய வருடம் இந்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். ரத்தப்போக்கு இருந்ததை வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு வந்தபோது எல்லாம் கடந்திருந்தது. அதன்பிறகு எனக்குச் சித்தியைப் பற்றியே நினைப்பு. இரண்டு முறை முகாமுக்குக் கூப்பிட்டேன். வராததற்கு அவள் சொன்ன காரணங்களை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். ஒன்று, ஜீப்பை விட்டால் கூலி போய்விடும். இரண்டு, யார் முன்னாலும் அப்படிப் படுக்க முடியாது. மூன்று, தனக்கு ஒன்றும் இல்லை. நான்கு, இருந்தாலும் தெரிந்துகொண்டு என்ன செய்வது.

பையை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் அந்தக் குழாய்கள் வந்த காலையில் நான் சீக்கிரமே ஆய்வகத்துக்கு வந்திருந்தேன்.

குழாய்களை விட்டுவிட்டுப் பைகளைப் பார்த்தேன். ஒன்றில் காகிதத்தில் மடித்த சீனி. இன்னொன்றில் நாலைந்து உலர்ந்த திராட்சை. ஒன்றில் கட்டிய மல்லிகைப்பூ, வாடிப்போய். ஒரு பையில் ரப்பர் பாண்ட் போட்ட பொட்டலம் நிறைய ஏலக்காய். மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'டீயில் போடு' என்று எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் சித்தியின் எழுத்து அது.

எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் அல்லிநகரத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். குழாய்களை அடுக்கியிருந்த தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சாம்பிளா சீர்வரிசையா?" என்றார்.

எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை யாரும் அப்படியே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு செய்வார்கள். கழுவுவார்கள். வெறுமையாக இல்லாமல் உள்ளே எதையாவது போடுவார்கள். குழம்பு வந்த கிண்ணத்தில் சீனியாவது போகும். நாங்கள் ஒரு குழாயைக் கொடுத்துத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பிரஷைப் பயன்படுத்திவிட்டு, சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, குழாயையும் அலசி, நல்ல தண்ணீர் விட்டு, மூடி, வெறும் பையாக அனுப்பக் கூடாதே என்று கையில் இருந்ததைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். படத்தாளில் ஐந்து படங்கள் இருந்தன. கழுவக் கூடாது என்று ஆறாவது படம் ஒன்று வேண்டும் என்பது அதை வரைந்தவருக்கும் தோன்றவில்லை, கொடுத்த எங்களுக்கும் தோன்றவில்லை.

"மெஷின்ல போட்டா என்ன வரும்னு தெரியும்ல?" என்றார் பொறுப்பாளர்.

தெரியும். எங்களிடம் இருந்த சோதனை, வைரஸ் இருந்தால் மட்டும் சொல்லும். குழாயில் அந்தப் பெண்ணின் செல் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் 'இல்லை' என்றுதான் சொல்லும். சோப்பு வாசம் வராமல் இருந்திருந்தால் ஊர் முழுவதற்கும் 'இல்லை' என்று சீட்டு அனுப்பியிருப்போம். சித்திக்கும்தான்.

அந்தத் தட்டில் இருந்த எதையும் நாங்கள் மெஷினில் ஓட்டவில்லை. மாதிரியோடு வந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது ஆய்வக விதி. ஏலக்காயைக் குப்பையில் போடும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. அத்தனையும் முதல் தரக் காய்.

அடுத்த ஞாயிறு, புதிய பைகளோடு எங்கள் கிராமச் செவிலியும் நானும் ஊருக்குப் போனோம். பூசை முடிந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் பெண்கள் சித்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். சித்தி எல்லோருக்கும் காப்பி கலந்துகொண்டிருந்தாள். சித்தப்பாவைக் கறி வாங்கிவர அனுப்பியிருந்தாள்.

விஷயத்தைச் செவிலி சொன்னாள்.

"கழுவாமயா?" என்றாள் சித்தி. "அப்படியேவா குடுக்கச் சொல்றீக?"

"ஆமாக்கா. அப்படியேதான்."

"நல்லா இருக்கே கதை. எச்சிக் கிளாசக்கூட கழுவாம ஒருத்தர் கையில குடுத்ததில்ல. இத எப்படிக் குடுக்க?"

கதவோரம் இருந்த ஒருத்தி, "நான் ரெண்டு தடவ சோப்புப் போட்டேன்," என்றாள் வருத்தமாக. "டெட்டாலும் ஒரு சொட்டு விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு."

"இவ வீட்டுல சட்டியக்கூட இப்படி வெளக்க மாட்டா," என்றாள் அவள் நாத்தனார். சிரிப்பு எழுந்தது.

நான் சித்தியைப் பார்த்துச் சொன்னேன். "சித்தி, கழுவிட்டா மெஷின் இல்லைன்னுதான் சொல்லும். உள்ள இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லும்."

சித்தி காப்பி ஆற்றுவதை நிறுத்தினாள்.

"அப்ப, அவ குடுத்திருந்தாலும் இல்லைன்னுதான் வந்திருக்கும்."

அவள் என்றால் யார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜீப்பில் அந்த இடத்தில் இன்னும் யாரும் உட்காருவதில்லை, கூடையைத்தான் வைக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"கழுவிக் குடுத்திருந்தா, ஆமா," என்றேன்.

சித்தி டம்ளர்களை எல்லோருக்கும் நீட்டினாள். கடைசியில் எனக்கு. கொடுத்துவிட்டு, "அத அங்கன யாரு தொறப்பா? அந்த ஆம்பளச் சாரா?" என்றாள்.

"இல்ல. நம்ம ஊருக் குழாய் எல்லாம் நான்தான் தொறப்பேன்."

"அதுதான்டி வெக்கமே. வேத்து ஆளுன்னாக்கூடப் போயிட்டுப் போகுதுன்னு விட்ருவேன். நீ என் மடியில வளந்த புள்ள. உன் கையில போயி..."

"நீ என்னையக் கழுவி விட்டப்ப நான் வெக்கப்பட்டேனா சித்தி?"

முதலில் சிரித்தது செவிலி. பிறகு வீடே சிரித்தது. "ஏத்தா, வாய மூடு," என்று சித்தி என் தலையில் தட்டினாள், ஆனால் அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருத்தி காப்பியைச் சேலையில் கொட்டிக்கொண்டாள்.

செவிலி ஒவ்வொரு படத்தாளிலும் பேனாவால் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு சோப்பும் வரைந்து குறுக்கே பெருக்கல் குறி போட்டாள். சோப்பு செங்கல் மாதிரி இருந்தது.

"அப்ப பையில ஒண்ணும் போடக்கூடாதா?" என்றாள் டெட்டால் விட்டவள்.

"போடக்கூடாது."

"வெறும் பையாவா?"

"வெறும் பை இல்லக்கா. அதான் நீங்க இருக்கீங்களே உள்ள," என்றாள் செவிலி.

அந்த வாரம் புதன்கிழமை என் செல்போனில் சித்தப்பாவின் எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். சித்தி மாதிரியை எடுத்துவிட்டாள் என்பதற்கு நாங்கள் பேசிவைத்த அடையாளம் அது. மறுநாள் குழாய்கள் வந்தன. மூடியைத் திறந்தேன். எதிலும் சோப்பு மணக்கவில்லை. திரவம் எல்லாம் கலங்கியிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் கலங்கல் தண்ணீரைப் பார்த்ததில்லை. பைகளும் காலியாகத்தான் இருந்தன, ஒன்றைத் தவிர. வெறுமையாக அனுப்ப மனது வராமல் யாரோ ஒருத்தி ஒரே ஒரு கிராம்பு போட்டிருந்தாள்.

பெரும்பாலான குழாய்களுக்கு 'இல்லை' என்று வந்தது. சித்தியுடையதற்கு 'இருக்கிறது' என்று வந்தது.

மறுபடி ஓட்டினேன். அதே பதில். பொறுப்பாளர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "சொந்தக்காரவுகளா?" என்றார். தலையசைத்தேன். "டாக்டரம்மாகிட்ட நான் சொல்றேன். நீ போய்க் கூட்டிட்டு வா," என்றார்.

சித்தியிடம் மூன்று விஷயங்களை இந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தேன். இது புற்றுநோய் இல்லை. வைரஸ் இருக்கிறது. உடனே பார்த்தால் போதும். சொல்லி முடித்தபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, "கழுவியிருந்தா இல்லைன்னு வந்திருக்கும்ல," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஜீப்பை விட்டுவிட்டு என்னோடு தேனிக்கு வந்தாள்.

யார் முன்னாலும் படுக்க மாட்டேன் என்றவள் டாக்டரம்மா முன்னால் படுத்தாள். அன்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள நான் உள்ளே இருந்தேன். ஒரு திரவத்தைத் தடவியபோது கர்ப்பப்பை வாயில் ஒரு சிறு இடம் வெள்ளையாக மாறியது. மாறத் தொடங்கிய செல்கள் அப்படித்தான் வெளுக்கும். இன்னும் புற்றாகவில்லை என்றார் டாக்டரம்மா. அந்த இடத்தை உறையவைத்து அன்றே முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும், நான் பயந்ததுபோல் அவள் அழவில்லை. "என்னமோ ஊறுகா வாடை அடிச்சுச்சு," என்றாள்.

"அது வினிகர் மாதிரி ஒண்ணு."

"அப்புறம் ஐஸ் வச்சாக. ஊறுகாயும் ஐசும். இதுக்காடி இம்புட்டு நாளு பயந்தோம்?"

கனமாக எதையும் தூக்கக் கூடாது, கொஞ்ச நாள் தண்ணீர்போல வெள்ளை படும் என்று சொல்லி அனுப்பினார்கள். பேருந்து நிலையத்தில் புரோட்டா வேண்டும் என்றாள். சாப்பிட்டாள். எனக்கும் சேர்த்துச் சால்னா கேட்டு வாங்கினாள். வீட்டில் சும்மா இருந்த நாட்களில் தெருப் பெண்களை உட்காரவைத்து ஊறுகாய்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஜீப்பில் வரும் மற்ற ஊர்ப் பெண்களும் பை கேட்டுச் செவிலியைத் தேடி வரத் தொடங்கினார்கள். கழுவாதே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் சித்திதான்.

ஒரு வருடம் கழித்து மறுசோதனை. அவள் குழாய் கலங்கலாகவே வந்தது. நானே ஓட்டினேன். 'இல்லை' என்று வந்தது. இந்தத் தடவை அதை நம்பலாம்.

அன்று மாலை செவிலி தன் கைப்பையிலிருந்து தனியாக ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். "இது சாம்பிளோட வரல. என் பையில வந்துச்சு. விதிக்கு உட்பட்டதுதான்," என்றாள். ரப்பர் பாண்ட் போட்டிருந்தது. மேலே அதே எழுத்து.

பொறுப்பாளர் வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மூவருக்கும் டீ போட அவரே எழுந்து போனார்.