சக்கரத்தடித் தேசிக்காய்

எனக்கு ராகுகாலத்தில் பயமில்லை, நல்ல நேரத்தில்தான் பயம்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் புதிதாக வாங்கிய சின்ன ட்ரக்டரின் வயிற்றுக்கடியில் புல்வெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மல்லாந்து கிடந்து, கத்திக்கு மேலே கையை விட்டு, பெல்ட்டைக் கப்பியில் ஏற்றினேன். அது சட்டென்று இறுகி என் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து, மனைவியின் அண்ணன் ஆசனத்தில் ஏறினார். சக்கரத்தின் முன்னால், முதல் ஓட்டத்தில் ஏற்றி நசுக்க, தேசிக்காய் என்கிற எலுமிச்சை தயாராக இருந்தது.

"நல்ல நேரம் முடியப்போகுது. எங்கை திறப்பு?" என்று சாவியைக் கேட்டார்.

வெளியே நீண்டிருந்த கால்களை உதைத்தேன்.

திறப்பை வைரவர் கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்துவந்த மனைவி, "இந்தாங்கோ அண்ணை" என்று நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. என் கால்களைக் கண்டுவிட்டாள். திறப்பைப் பொத்திப் பிடித்தாள்.

"உங்கடை நல்ல நேரம் கிடக்கட்டும்! முதல்லை இந்த மனுசன் வெளியிலை வரட்டும்!"

மச்சான் பதறி இறங்கி வந்து பெல்ட்டைத் தளர்த்தினார். நல்ல நேரம் போய்விட்டது.

இப்போதெல்லாம் திறப்பு என் பொக்கற்றில் இல்லாமல் நான் ட்ரக்டருக்கடியில் குனிவதில்லை.

அந்தத் தேசிக்காயை அன்று அவள் கரைத்துத் தந்தாள். கிளாஸை வாங்கிப் பிடித்தேன். விரல் ஐந்தும் இருந்தன.