சொல்தா அடைக்கலராஜின் கை

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். அடைக்கலராஜ் ஒரு சொல்தா. பிறந்தது கோட்டுச்சேரி. ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமையையே எழுதிக் கேட்டு வைத்துக்கொண்டார். அதனால் பாரீஸ் தேர்தலில் ஓட்டு உண்டு. காரைக்கால் தேர்தலில் கிடையாது. பிறந்த ஊரில் அவர் தூக்கினால் எண்ணப்படும் ஒரே கை, வாசகசாலைச் சங்கத்தில் உறுப்பினராகத் தூக்கும் கைதான்.

1984 ஆகஸ்டு 19, ஞாயிறு மாலை, அங்கே விவாதம் நடந்தது. இந்திய அரசியல் சட்டத்தை வைத்துக்கொள்வதா, புதிதாக எழுதுவதா என்பது பொருள்; கை தூக்கி எடுக்கும் முடிவைத் தீர்மானமாக டெல்லிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. செயலாளர் சுவாமிநாதன் புதிதாக எழுத வேண்டும் என்ற கட்சி. பிரான்சைப் போலப் பலமான ஜனாதிபதி வேண்டும் என்று பேசிவிட்டு, சாட்சிக்குச் சொல்தாவை எழுப்பினார்.

“அம்பத்தெட்டுல பிரான்சு சட்டத்த நீங்களே ஓட்டுப் போட்டு மாத்துனீங்க. நல்லதா கெட்டதா, சொல்லுங்க.”

அடைக்கலராஜ் நிதானமாக எழுந்தார். அப்போது அல்ஜீரியாவில் இருந்ததையும், புதுச் சட்டத்தை அச்சடித்து முகாமில் கொடுத்ததையும், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் ஆமாம் என்று போட்டதையும் சொன்னார்.

“நாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அதப் படிக்கலைங்க. இங்க உள்ளத ரெண்டு வருசமாப் படிக்கிறேன், பாதி தாண்டல. அதுக்குள்ள மாத்துன்னு எப்படிக் கை தூக்குறது?”

“அப்ப நீங்க முடிக்கிற வரைக்கும் நாடு காத்திருக்கணுமா, முசியே?”

“காத்திருக்கட்டுமே. எனக்குப் பென்சன் வருது.”

சபை சிரித்தது. சுவாமிநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. தீர்மானம் டெல்லிக்குப் போகப் போகிறது, வெளிநாட்டுக் குடிமகன் கையை அதில் எண்ணக் கூடாது, சங்க விதியை இப்போதே அப்படித் திருத்த வேண்டும் என்றார். சொல்தா உட்கார்ந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

தலைவர் ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக் விதிப்புத்தகத்தைத் தேடக்கூட இல்லை.

“விதிய மாத்த ஒரு மாசத்துக்கு முன்னாடி நோட்டீசு வேணும், சாமிநாதன். மூணுல ரெண்டு பங்கு கை வேணும். இன்னைக்கு இருக்குற விதிப்படி அவரும் உறுப்பினர்.”

வாக்கெடுப்பில் சுவாமிநாதன் கட்சியே வென்றது. சொல்தாவின் கை எதிர்ப்பில் எண்ணப்பட்டது.

மறுநாளே சுவாமிநாதன் முறைப்படி நோட்டீசு கொடுத்தார். செப்டம்பர் கடைசியில் அது கூட்டத்துக்கு வந்தது. ஆகஸ்டில் அவரோடு கை தூக்கியவர்களில் பாதிப்பேர் இதற்குத் தூக்கவில்லை. எதிர்ப்பவர்கள் என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் அடைக்கலராஜின் கை மேலே இருந்தது. எண்ணி முடித்து, திருத்தம் தோற்றது என்று தலைவர் சொன்ன பிறகும் அவர் அதை இறக்கவில்லை.