ஜீப்புக்கு ஒரு மூக்கு

போர்வெல் போட்டாலும் புழுதி கிளம்புகிற ஊரில், தண்ணீருக்குள் போனாலும் மூச்சு முட்டாமல் இருக்க ஒரு ஜீப்புக்கு மூக்கு செய்து மாட்டியவன் நான். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தவர் யாராவது இருந்தால் அவரைப் பார்க்க ஆசைதான். ஆனால் அவரும் இந்நேரம் என்னைத் தேடித்தான் வந்துகொண்டிருப்பார்.

அதற்கும் முந்தைய முட்டாள்தனம், அந்த ஜீப்பை வாங்கியது. வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், மணல்மேட்டில் வண்டியைப் பறக்கவிட்டவன் என்று ஊரில் ஒரு பேச்சு. அங்கே நான் ஏசி அறையில் உட்கார்ந்து சரக்குக் கணக்கு பார்த்தேன். என் கையில் ஓடியது கம்ப்யூட்டர் மவுஸ் மட்டும்தான். ஆனாலும் அந்தப் பேச்சை மறுக்க மனம் வரவில்லை. அதைக் காப்பாற்றத்தான் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினேன்.

எங்கள் வீடு குளத்தூர்ப் பக்கம். என் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். முன்பு கேட் இருந்த இடத்தில் இப்போது தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை. வருடம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஊர்தான். ஆனால் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், குளமெல்லாம் காய்ந்து கிடக்க, அந்தப் பள்ளம் மட்டும் நிரம்பிவிடும். பஸ் அங்கிட்டே நின்றுவிடும். சனங்கள் மேலேறித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வருவார்கள்.

போன மழைக்கு, மனைவியை ஏற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கினேன். “ஜீப்பும்மா இது, எங்கயும் போகும்” என்று சொல்லி வாய் மூடவில்லை, நட்டநடுவில் ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. அவள் சாப்பாட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து போய்விட்டாள். நான் ஜீப்போடு உட்கார்ந்திருந்தேன், கப்பலோடு மூழ்கும் கேப்டன் மாதிரி. என்ன, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது தீர்ப்பு வந்தது. “அடுத்த மழைக்கு என்னைய ஏத்திக்கிட்டு அந்தப் பள்ளத்தத் தாண்டினா வண்டிய வச்சுக்கங்க. இல்லன்னா வித்துருங்க. அதுவரைக்கும் நான் பஸ்ல போய்க்கிறேன்.”

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், உள்ளே வளைந்துபோயிருந்த ஓர் இரும்புத் தண்டைக் காட்டினார். எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிட்டதாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அதனால் அழுத்தப்போன தண்டே வளைந்துவிட்டது. எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இத்தனை வருடம் வண்டி டீசலைக் குடிக்கிறது என்று நினைத்திருந்தேன்; அது காற்றைத்தான் அண்டா அண்டாவாகக் குடிக்கிறது. அப்படியென்றால் அது குடிக்கும் வாயை மேலே தூக்கிவிட்டால்? காட்டு ஜீப்புகளில் கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏறுகிற குழாய் இருக்குமே, ஸ்நார்க்கல் என்பார்கள், அதுதான் இது. கடையில் வாங்கலாம். ஆனால் வாங்கி மாட்டினால் அதில் நான் எங்கே இருக்கிறேன்?

கடற்கரையோரம் இருக்கும் கோட்டைப்பட்டினத்துக்குப் போனேன். வளைகுடாவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் அங்கே ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிற கொட்டகை வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

“என்னா மாப்ள, குளத்தூருக்குக் கடல் வந்துருச்சா?”

“வரல மச்சான். வந்தா ரெடியா இருக்கணும்ல.”

“நாங்க தண்ணிக்கு மேல மெதக்கச் செய்றோம். நீ என்னடான்னா உள்ள போறதுக்குச் செய்யணும்ங்குற. சரி, முன்னாடி மூச்சு விட வழி பண்ணிட்ட. பின்னாடி?”

“சைலன்சரா? எஞ்சின் ஓடுற வரைக்கும் பொகை தண்ணியத் தள்ளிக்கிட்டே இருக்கும். ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுக்காம மிதிக்கணும், அம்புட்டுதான்.”

“அப்ப ஒனக்குப் பயம் வரக் கூடாது. அதுக்கு ஃபைபர்ல ஒண்ணும் செய்ய முடியாது மாப்ள.”

கிண்டல் முடிந்ததும் வேலையைக் காட்டினான். கண்ணாடி இழைகளை வெட்டிப் பரப்பிய பாய் ஒன்று. அதற்கு மேட் என்று பெயர். தேன் மாதிரி வழிகிற ரெசின் என்ற பிசின். அதைக் கெட்டியாக்க, அதில் சில சொட்டு ஹார்டனர். மேட்டின் மேல் பிரஷ்ஷால் தடவினான். வெள்ளையாக இருந்த பாய் கண்ணெதிரே கண்ணாடியாக மாறிப் படகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்க்கச் சொன்னான். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. “இது காயல மாப்ள. உள்ளுக்குள்ள சுட்டுக்கிட்டுக் கெட்டியாவுது” என்றான். அடுப்பே இல்லாமல் ஒரு பொருள் தன்னைத்தானே சமைத்துக்கொள்கிறது! அதன்பிறகு என்னை யார் தடுக்க முடியும்? டின்களோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து, தெர்மாகோலில் அழகாக ஒரு ஸ்நார்க்கல் செதுக்கினேன். அதன் மேல் மேட்டைச் சுற்றி ரெசினைத் தடவினால் வேலை முடிந்தது என்று கணக்கு. தடவினேன். என் சிற்பம் முதலில் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. அப்புறம் குழி விழுந்தது. அப்புறம் கண்முன்னால் கரைந்து, மேட்டுக்குள் ஒரு பிசுபிசுப்பாக அடங்கிவிட்டது. இதற்குள் ஹார்டனர் அதிகமாகிப்போன மிச்ச ரெசின், குளியலறைக் கப்பிலேயே புகைய ஆரம்பித்தது. கப்பு ஒரு பக்கமாகத் தலை சாய்த்தது. இன்றும் அதே கப்பில்தான் குளிக்கிறேன், தண்டனை.

கோட்டைப்பட்டினத்துக்குப் போன் போட்டேன். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“தெர்மாகோல்லயா போட்ட? அத ரெசின் தின்னுரும்டா.”

“முன்னாடியே சொல்றதுக்கு என்ன மச்சான்?”

“நீ கேட்டியா? நானும் தொழிலுக்கு வந்த புதுசுல ஒருத்தரோட தெர்மாகோல் ஐஸ்பெட்டிய அடைக்கப் போயி, பெட்டியவே காணாமப் பண்ணிட்டேன். கடக்கரக்காரனுக்கே அந்தக் கெதின்னா ஒனக்கு என்னா?”

ரெசின் தின்னாத பொருள் எங்கள் ஊரில் தாராளமாக இருப்பது மண்தான். வறண்ட குளத்திலிருந்து களிமண் கொண்டுவந்து பிசைந்து, ஜீப் மேல் வைத்து வைத்துப் பார்த்து, அடியில் வளைந்து மேலே நேராக ஏறுகிற உருவம் ஒன்றைச் செய்து வாசலில் காயப்போட்டேன். எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டார்.

“ஏன் தம்பி, காலு யாருக்கு?”

எங்கள் பக்கம் கால்வலி தீர்ந்தால் அய்யனாருக்கு மண்ணில் கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். எட்ட நின்று பார்த்தேன். முழங்கால், கெண்டைக்கால், பாதம் எல்லாம் இருந்தது. விரல்தான் பாக்கி.

“ஜீப்புக்கு அக்கா” என்றேன்.

அக்கா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினார். “வண்டிக்கு நேந்துக்கிட்டீங்களா? நல்லதுதான். போன மழையில பாவம், அப்படி நின்னுச்சே.”

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர், வண்டிக்கென்றால் டயர்தானே செய்து வைக்க வேண்டும், கால் எப்படிச் செல்லும் என்று சட்டம் பேசினார். நான் எதையும் மறுக்கவில்லை. ஸ்நார்க்கலை விளக்குவதைவிட நேர்த்திக்கடன் எளிது.

மண் கொஞ்சம் இறுகியதும் மேலே பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் மேட்டும் ரெசினுமாக மூன்று அடுக்கு போட்டேன். கெட்டியானதும் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் குச்சியால் மண்ணைக் குடைந்து எடுத்தேன். உள்ளே வெற்றிடம்! நான் செய்த வெற்றிடம்! அதற்குள் கண்ணை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெற்று உடம்போடு அதை உப்புத்தாளால் தேய்த்ததில் கண்ணாடித்தூள் கழுத்திலிருந்து இடுப்புவரை ஏறி அரித்தது தனிக் கதை. சோறு போடும்போது மனைவி, “ஒரு கையால சொறிங்க, ஒரு கையால சாப்புடுங்க, ரெண்டையும் மாத்திக் கீத்திப்புடாதீங்க” என்றாள்.

ஜீப்பின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயால் காற்று வடிகட்டியோடு இணைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். வேறு எங்கும் ஓட்டை இல்லையென்றால் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். பொத்தினேன். அது பாட்டுக்கு ஓடியது. எங்கிருந்தோ திருட்டு மூச்சு வாங்குகிறது! வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த சாம்பிராணியை ஏற்றி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினேன். புகை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அடி வளைவுக்கு வந்ததும் சட்டென்று திரும்பி ஒரு மயிரிழைக் கீறலுக்குள் நுழைந்தது. நான் ஜீப்பைச் சுற்றிச் சாம்பிராணி போடுவதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கீறலை அடைத்து மறுநாள் மறுபடியும் பொத்தினேன். உள்ளங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, எஞ்சின் இரண்டு விக்கல் விக்கி அடங்கியது. நான் கத்திய கத்தலில் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, நின்னுபோச்சா?”

“நின்னுபோச்சு!”

“அப்புறம் எதுக்குக் குதிக்கிறீங்க?”

மழை ஐப்பசியில் வந்தது. மத்தியானமே பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பஸ் அந்தப் பக்கம் நின்றுவிட்டது என்று மனைவி போனில் சொன்னாள். “அங்கேயே நில்லு, வாரேன்” என்று வண்டியை எடுத்தேன்.

சுரங்கப்பாதையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தண்டவாளத்தின் மேல் குடையோடு சனங்கள். இறங்கினேன். பம்பர் மறைந்தது, விளக்கு மறைந்தது. போன முறை நின்ற இடம் வந்தது. காலை எடுக்கவில்லை. பின்னால் சைலன்சர் குபுகுபுவென்று கொப்பளித்தது. என் காதோரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், களிமண் காலிலிருந்து பிறந்த மூக்கு புஸ்புஸ்ஸென்று காற்றை இழுத்தது. வண்டி போனது. போய்க்கொண்டே இருந்தது. கையைத் தட்டியது யார் என்று பார்த்தேன். நான்தான், ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்க மேட்டில் ஏறி, குடை பிடித்து நின்ற மனைவியின் முன்னால் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் அவள் காலடியில் கொட்டியது. என் செருப்பு ஒன்றும் யாரோ வீசிய பிஸ்கட் உறையும் அதோடு மிதந்து இறங்கின. சீட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சுவரை நனைந்திருந்த நான் அதையெல்லாம் அப்போதுதான் கவனித்தேன்.

“பாத்தியா, எஞ்சின் நிக்கவே இல்ல!” என்றேன். “வா, ஏறு.”

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூரையோரம் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழாயை அண்ணாந்து பார்த்தாள்.

“எனக்கும் ஒண்ணு செஞ்சு மாட்டுங்க, ஏறுறேன்.”