போணிக்கு வாங்கிய சக்

போன வாரம் எனக்கு ஒரு பெரிய கௌரவம் கிடைத்தது. பேரம் பேசுவதற்கென்றே என்னை மெட்ராஸ் வரைக்கும் அழைத்துக்கொண்டு போனார்கள். ரயில் டிக்கெட், காலை டிபன் எல்லாம் அவர்கள் செலவு. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இவ்வளவு மரியாதை நடந்ததாக ஞாபகம் இல்லை.

அழைத்தவள் காசியம்மா. எங்கள் செங்கல்பட்டு வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் கொண்டுவருபவள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு குப்பத்தில் குடித்தனம். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்வாள்.

"சார், ஒரு ஒத்தாச பண்ணணும். எங்க வூட்டுக்காரு ஒரு இரும்பு சாமான் வாங்கணும். அவருக்கு வாயே கெடயாது. சொன்ன வெலய குடுத்துட்டு வந்துடுவாரு. நீங்க கூடப் போயி ரெண்டு வார்த்த பேசணும்."

"நான் எதுக்கும்மா?"

"உங்கள மாரி பேரம் பேசற ஆள நானு இந்த ஊர்லயே பார்த்ததில்ல சார்."

பாராட்டா, குத்தலா? நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சமையலறையில் என் மனைவி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

காசியம்மாவின் கணவர் தயாளன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் அலையில் கட்டுமரம் புரண்டு வலது தோளில் அடித்துவிட்டது. அப்புறம் துடுப்புப் போட முடியாது. வலை இழுக்க முடியாது. சும்மா உட்காரப் பிடிக்காத மனிதர். மரம் கடைகிற பழைய லேத் ஒன்றை வாங்கி, வீட்டோரமாக ஓலைக் கொட்டகை போட்டு, சப்பாத்திக் குழவி, மத்து, பம்பரம், கட்டில் கால் என்று கடைந்துகொண்டிருக்கிறார். உளியைத் தாங்கிக்கொள்ள லேத்திலேயே ஒரு இரும்புக் கட்டை இருக்கிறது. தோளுக்கு அவ்வளவாகச் சிரமம் இல்லை.

வரும்படி? "கரண்ட் பில்லு கட்டச் செரியா கீது சார்" என்றாள் காசியம்மா.

இப்போதுதான் ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாக ஒரு விடுதி. அதன் மேனேஜருக்குப் பழம் வைக்க மரக் கிண்ணம் இரண்டு டஜன் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாம்பிள் காட்டு. பிடித்தால் உனக்கே ஆர்டர், இல்லாவிட்டால் நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கிடைத்தால் லேத் பிழைக்கும். கிடைக்காவிட்டால் லேத்தை விற்றுவிட்டு, மைத்துனன் படகு கரைக்கு வரும்போது வலையிலிருந்து மீன் பிரித்துக் கொடுக்கிற வேலைக்கு தயாளன் போக வேண்டும். ஒரு காலத்தில் அந்த மைத்துனனுக்கே கடல் பழக்கியவர் அவர்!

கிண்ணம் கடைய வேண்டுமானால் 'சக்' வேண்டும். அது என்ன? எனக்கும் அன்றுதான் தெரியும். மத்தையும் கட்டில் காலையும் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு சுழற்றலாம். கிண்ணத்தை அப்படிப் பிடித்தால் உள்ளே எப்படிக் குடைவது? ஒரு பக்கம் மட்டும் மரத்தைக் கவ்விக்கொண்டு சுழல ஒரு இரும்பு வாய் வேண்டும். அதுதான் சக். புதிதாக வாங்கினால் லேத்தின் விலைக்கே வந்துவிடும். ஆகவே பழைய இரும்புக் கடை... ஆகவே நான்.

கையிலிருந்தது காசியம்மா சீட்டு எடுத்த பணம். ஒரு சக்குக்குத்தான் காணும். இரண்டாவது முறைக்கு இடமில்லை.

திங்கட்கிழமை முதல் ரயிலில் கிளம்பினோம். தயாளன் மடியில் ஒரு துணி முடிச்சு. பிரித்துக் காட்டினார். துருப்பிடித்த ஒரு பெரிய போல்ட்.

"நம்ம லேத்துல இருக்கிற திருகு மரையும் இதுவும் ஒண்ணு சார். இது எந்த சக்குல கடைசி வரைக்கும் ஏறுதோ, அதான் நமக்கு."

எவ்வளவு சுலபமான பரீட்சை! மனிதருக்கு வாய்தான் இல்லை, மூளை நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்... அதுதான் தப்பு.

பாரிமுனைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. நாங்கள் நுழைந்த கடையில் முதலாளி அப்போதுதான் படத்துக்குச் சூடம் காட்டி முடித்திருந்தார். புகைகூட அடங்கவில்லை. மூன்று சக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று புத்தம் புதிது. நம் சக்திக்கு எட்டாது. இன்னொன்று நாலு தாடையும் தனித்தனியாக நகர்கிற கனத்த இரும்பு. நம் லேத் தாங்காது என்று தயாளன் தலையாட்டினார். மூன்றாவது வெளிநாட்டுச் சரக்கு. சாவியைத் திருகினால் மூன்று தாடைகளும் ஒன்றாக நெருங்கி வந்தன. பார்க்கவே அழகாக இருந்தது.

தயாளன் அதைக் கையில் எடுத்தார். நான் வாயைத் திறந்தேன்.

விலை கேட்டேன். சொன்னார். அதில் மூன்றில் ஒரு பங்கு கேட்டேன். முதலாளி சிரித்தார். "இன்னா சார், காலங்காத்தால கொள்ளயடிக்க வந்தியா?" என்றார். நானும் சிரித்தேன். தாடை தேய்ந்திருக்கிறது என்றேன். சாவி இதனுடையது இல்லை என்றேன். பக்கத்துக் கடையில் இதைவிட மலிவு என்றேன். பக்கத்துக் கடை இன்னும் திறக்கவே இல்லை! இருந்தாலும் சொன்னேன். பேரத்துக்கு என்று ஒரு போதை உண்டு. ஏறிவிட்டால் சாமானும் தெரியாது, வாங்க வந்த ஆளும் தெரியாது.

கடைசியில் முதலாளி கையை உதறினார். "செரி, போணி வேளை. நீ கேட்ட வெலைக்கே எடுத்துகினு போ."

வெற்றி! பெருமையாக தயாளனைத் திரும்பிப் பார்த்தேன். போல்ட்டை சக்கின் துளையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். கை நின்றது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. என் சாமர்த்தியத்தைக் கண்டு நெகிழ்ந்து போய்விட்டார் என்று நினைத்தேன். போல்ட்டைத் துணியில் முடிந்துகொண்டு, பணத்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

ரயிலில் வழி நெடுக என் பிரதாபத்தை நானே பேசிக்கொண்டு வந்தேன். ஊரப்பாக்கம் தாண்டும்போதுதான் தயாளன் வாய் திறந்தார்.

"போல்ட்டு ஏறல சார். அரை சுத்துல நின்னுப்போச்சு. இந்த மரை வேற."

எனக்குப் புரியவில்லை. "ஏறவில்லையா? அப்புறம் ஏன் வாங்கினீர்கள்?"

"நீங்க வெல கேட்டுட்டீங்க. அவரும் போணின்னு சொல்லி குடுத்துட்டாரு. எடுக்காம எறங்கினா அந்த மனுசனுக்கு நாள் பூரா யாவாரம் வெளங்குமா? எங்க வூட்ல கூடை தூக்கற பொம்பள கீது சார். மொத ஆளு வெல கேட்டுட்டு வாங்காம போனா அன்னிக்கி அது வந்து அழுவும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் எத்தனை பேர் விலை கேட்டுவிட்டுப் போகிறார்கள்! ஒரு வியாபாரியின் ஒரு நாள் ராசிக்காகத் தன் வருஷத்தையே கொடுக்கிற ஆள் உண்டா? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. போல்ட் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் விலை பேச ஆரம்பித்தது யார்? வாங்குகிற எண்ணத்தோடு அவர் நின்றார். ஜெயிக்கிற எண்ணத்தோடு நான் நின்றேன். மறைமலைநகர்ப் பக்கத்துக் காற்று முகத்தில் அடித்தும் எனக்கு வேர்த்தது.

செங்கல்பட்டில் இறங்கியதும் ஒரு ஒர்க் ஷாப்பில் சக்கைக் காட்டினோம். அதற்கும் லேத்துக்கும் நடுவில் பொருத்த ஒரு தட்டு கடைந்து தரலாம். பதினைந்து நாள் ஆகும். செலவு கிட்டத்தட்ட சக் வாங்கின அளவு என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. தயாளன் சக்கைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நல்ல தோளில்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கூடையோடு காசியம்மா வந்தாள். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க வாங்கினப்புறம் அந்தக் கடைல வேற யாவாரம் நடந்துச்சா சார்?"

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் சக்கைக் கோணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து பழைய பம்ப் வாங்கிக்கொண்டு போனார்.

"அப்புறம் இன்னா? ரெண்டாவது யாவாரம் ஆனா போணி அதோட செரி. எங்க வூட்டுக்காருக்குக் கடல்தான் தெரியும், கடை தெரியல. துட்டு திருப்பிக் கேட்டாத்தான் தப்பு. சாமான மாத்திக் கேட்டா அது யாவாரம். நாளைக்கி மத்தியானமா போவலாம். நீங்களும் வாங்க. ஆனா..." என்று என்னைப் பார்த்தாள். "வாய மட்டும் தொறக்காதீங்க சார்."

புதன்கிழமை மூவரும் போனோம். கடையில் இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகிறவரை அவள் வெளியிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் சக்கை முதலாளி முன்னால் வைத்தாள்.

"அண்ணாத்த, முந்தாநாள் உன் போணி கெடக்கூடாதுன்னு இவரு பொருந்தாதத எடுத்துகினு வந்துட்டாரு. துட்டு வேணாம். இந்த போல்ட்டு ஏறுறதா ஒண்ணு குடு."

சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். முதலாளி சக்கைப் பார்த்தார், தயாளனைப் பார்த்தார்.

"ஏறலன்னு தெரிஞ்சேவா துட்டு குடுத்த?"

தயாளன் தலையை ஆட்டினார். முதலாளி எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போல்ட்டை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அரை மணி நேரம் இரும்பு உருள்கிற சத்தம். கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தார். சின்னதாக, கறுப்பாக, நாலு தாடை சக் ஒன்று. போல்ட் அதில் கடைசிவரை வழுக்கிக்கொண்டு ஏறியது. தயாளன் கழற்றி மறுபடியும் ஏற்றிப் பார்த்தார். இன்னொரு தடவையும்.

"தாடைய ஒவ்வொண்ணா முடுக்கணும். மெனக்கெடணும்" என்றார் முதலாளி. "மரத்துக்கு இதான்யா நல்லது. அன்னிக்கே போல்ட்ட காட்டியிருந்தா இதையே எடுத்துக் குடுத்திருப்பேன். எங்க காட்ட விட்டாரு இந்த சார்?"

மேற்கொண்டு பணம் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க கொட்டகையில் தயாளன் பூவரசங்கட்டையோடு மல்லுக்கட்டினாராம். சுழலும் கட்டைக்கு அருகில் சாக்கட்டியைப் பிடிப்பது, எந்தப் பக்கம் கோடு விழுகிறதோ அந்தப் பக்கத் தாடையை முடுக்குவது, மறுபடி சாக்கட்டி. மத்தியானத்துக்கு மேல்தான் கட்டை ஆடாமல் சுழன்றிருக்கிறது. முதல் கிண்ணம் விளிம்பில் பிளந்துவிட்டது. இரண்டாவது நின்றது.

சனிக்கிழமை காசியம்மா வந்தபோது கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டேன். "என்ன ஆச்சு?"

"எடுத்துக்கினாங்க சார். ரெண்டு டஜனு. நல்லா இருந்தா மாசாமாசம் குடுன்னு சொன்னாராம்."

மனைவி உள்ளேயிருந்து வந்து காசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெலதான் சார் கொஞ்சம் கம்மி. இவரு சொன்னதுல பாதிய கேட்டாராம் அந்த மேனேஜரு. சிரிச்சிக்கினே கேட்டாராம். மொத ஆர்டராச்சே... இவரும் செரின்னுட்டாரு. மரத்துக்கும் கரண்டுக்கும் போவ கொஞ்சந்தான் நிக்கும். அடுத்த தபா ஏத்திக் கேக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "அவ்வளவு பெரிய விடுதி நடத்துகிறவருக்கு, தோள் போன ஒரு மனிதனிடம் பேரம் எதற்கு? அதுவும் சிரித்துக்கொண்டே! அதில் அவருக்கு அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது?" என்று வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

காசியம்மா கூடையைத் திறந்து, நான் வழக்கமாகப் பாதி விலைக்குக் கேட்கிற மீனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

கேட்டது நான்தான், இந்த வாரம் முழுக்க பதில் தேடிக்கொண்டிருப்பதும் நான்தான்.