சுவர் கழுவுகிற அஸ்ரியா

அஸ்ரியா பிறந்த வீட்டுக்குச் சுவர் கிடையாது. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த சனங்கள் இறங்கிய கரைத்தீவுத் தென்னந்தோப்பில், நான்கு பக்கமும் தென்னோலையில் முடைந்த கிடுகு கட்டிய குடிசை அது. மாரிக்கு முன்னர் பழைய கிடுகை அவிழ்த்துப் புதியதைக் கட்டுவார்கள். வீட்டுக்குச் செய்கிற பராமரிப்பு அவ்வளவுதான். அப்படிப் பிறந்தவள் இன்று பாலாவியிலிருந்து கல்பிட்டி வரைக்கும் அடுத்தவர்களின் சுவர்களைக் கழுவிப் பிழைக்கிறாள் என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்திரண்டு வயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டு மதிலையும் முற்றத்தையும் சாரதி ஒரு மெஷினால் கழுவுவான். அவன் ஊருக்குப் போன இரண்டு மாதமும் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. குழாயின் முனையிலிருந்து தண்ணீர் விசிறிபோல விரிந்து, போன இடமெல்லாம் அழுக்கு உரிந்து ஓடுவதைப் பார்த்தபோது, வீட்டுக்குள்ளே கிடைக்காத ஒரு மரியாதை அந்த மெஷினைப் பிடித்த கைகளுக்குக் கிடைப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றாள். குளியலறையைச் சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்று வீட்டுக்காரி குளோரினையும் அசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினாள். பச்சையும் மஞ்சளுமாக எழும்பிய புகையில் மூச்சு அடைத்து விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு அசிட் போத்தல் ஒன்றை அவள் கையால் தொட்டதில்லை.

திரும்பி வந்து, பாலாவி உப்பளத்தில் வேலை செய்யும் நஜாத்தைக் கலியாணம் முடித்தாள். சந்தியில் வாகனம் கழுவும் இடம் ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அங்கே துருவேறிக் கிடந்த மெஷினை வாங்கலாமா என்று புருஷனிடம் கேட்டாள். நஜாத் அதிகம் பேசாத மனிதன். மறுநாள் போய் அதன் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அதுதான் அவனுடைய பதில்.

மாமியார்தான் விடவில்லை. "பொம்புள ஏணில ஏறி நின்டா ஊரே பாக்கும்."

"பாக்கட்டும் மாமி. செவரு வெளுக்கிறதயும் சேத்துப் பாக்கட்டும்."

நீளச் சட்டை, அதற்குள்ளே கணுக்கால்வரை களிசான், முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, இறுக்கிக் கட்டிய தலைத்துணி, கண்ணாடி. இந்தக் கோலத்தில் மெஷினை ஏற்றிய ஓட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு கல்பிட்டி வீதியில் போவாள். ஆரம்பத்தில் பின்னால் விசில் அடித்தவர்கள் இருந்தார்கள். அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அந்தக் கரையில் சுவர்களுக்கு ஓய்வில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து ஒட்டும். மாரி வந்தால் அந்த உப்பிலே ஈரம் ஊறி, முதலில் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் பாசி படரும். அஸ்ரியா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பாள். உப்பென்றால் அதால் கழுவமாட்டாள். காய்ந்ததும் சுவரில் வெள்ளை பூத்துவிடும். பிறகு செடிகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர் ஊற்றி நனைப்பாள். லைட் சுவிட்சுகளைப் பொலித்தீனால் மூடுவாள். நீர்த்த குளோரினில் கொஞ்சம் சோப்பு கலந்து, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற தாங்கியால் சுவரில் கீழிருந்து மேலாகத் தெளிப்பாள். பத்து நிமிடம் பொறுப்பாள். அது காய்வதற்குள் மேலிருந்து கீழாகக் கழுவி இறக்குவாள். "பாசியக் கொல்றது மருந்து. தண்ணி அதத் தூக்கிட்டுப் போற மட்டுந்தான்" என்பாள். மெஷினின் பலத்தைக் காட்டுகிற வேலையல்ல இது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்தில் பெயர் வந்துவிட்டது. பெயரோடு பகையும் வந்தது. வீடு கறுத்தால் பெயின்ட் அடிப்பதுதான் வழக்கம். இப்போது ஆட்கள், "முதல்ல கழுவிப் பாப்போம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அது மிகவும் உறைத்தது மஸாஹிருக்கு. கல்பிட்டிப் பக்கம் பெரிய பெயின்ட் பாஸ் அவன்; ஐந்தாறு பேரை வைத்து வேலை செய்பவன். "அந்த மெஷின் அடிச்சா செவரு ஆறு மாசம் தாங்காது" என்று தேநீர்க் கடைகளில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த நிலையில்தான் ஹமீட் ஹாஜியார் வீட்டு வேலை வந்தது. மகளின் கலியாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வீடு பழையது, முன்சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. அஸ்ரியா கழுவ வேண்டும், அதற்குப் பிறகு மஸாஹிர் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் மூலையில் உள்ளங்கையளவு இடத்தில் முதலில் கழுவிப் பார்த்தாள். சாந்து உறுதியாக நின்றது. ஆனாலும் தண்ணீரை அகலமாக விரிக்கிற வெள்ளை மூக்கைத்தான் குழாயில் மாட்டினாள். சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளியே நின்றாள். சனியும் ஞாயிறும் வேலை. முடிந்தபோது ஹாஜியார் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உடனே வரச் சொல்லி அழைப்பு வந்தது. நஜாத்தோடு ஓட்டோவில் போய் இறங்கியபோது கேட்டடியில் பதினைந்து பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஜன்னல்களுக்குக் கீழே சாந்து பெயர்ந்து, சிவப்புக் கல் வெளியே தெரிந்தது.

"பாத்தியா நீ செஞ்ச வேலய?" என்றார் ஹாஜியார். "ரெண்டு கிழமையில கலியாணம். எல்லார்ர முன்னாலயும் தப்புன்னு ஒத்துக்க. மாப்புக் கேளு. அதோட இந்த மெஷினத் தூக்கிட்டு இனி இந்தப் பக்கம் வராத."

மஸாஹிர் பக்கத்தில் நின்றான். "நான் அப்பவே சொன்ன ஹாஜியார். கிடுகுக் கொட்டில்ல வளந்த அகதிப் புள்ளைக்குச் செவரப் பத்தி என்ன தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். நஜாத் ஒரு அடி முன்னே வைத்தான். அஸ்ரியா அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் மாப்புக் கேக்கமாட்டன் ஹாஜியார். முதல்ல செவரப் பாப்பம்."

அனுமதிக்குக் காத்திராமல் உள்ளே நடந்தாள். பெயர்ந்த இடத்தில் குனிந்து விரலை வைத்தாள். சாந்து பொருக்குப் பொருக்காக, அரித்த மாதிரிக் குழிந்திருந்தது. கீழே சீமெந்துப் படியைத் தடவினாள். வழுவழுப்பாக இருந்த படி சொரசொரத்து, கையில் மணல் ஒட்டியது.

"நான் கழுவினது செவர. படில மருந்து படவே இல்ல, தண்ணி ஊத்தின மட்டுந்தான். படியத் தின்டது யாரு? தண்ணி தின்னுமா? குளோரின் தின்னுமா? இது அசிட். சுண்ணாம்புல அசிட் பட்டா பொங்கித் தின்னும். என்ட வண்டியில அசிட் ஏறினதே இல்ல. கல்பிட்டியில யாரட்டயும் கேளுங்க."

"கத கதயாச் சொல்றா" என்றான் மஸாஹிர். "மெஷின்ட வேகத்துக்கு இரும்பே பிஞ்சிரும்."

அஸ்ரியா நிமிர்ந்தாள். "நஜாத், மெஷின எறக்குங்க."

பக்கச் சுவர் அதே வயது, அதே சாந்து. அதை யாரும் இன்னும் கழுவவில்லை. வயரை இழுத்து, குழாயைப் பொருத்தி, வெள்ளை மூக்கை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி மாட்டினாள். "இதாலதான் கழுவினேன். இப்பவும் இதாலயே அடிக்கிறேன். ஒரு பொடி சாந்து விழுந்தா நீங்க சொன்ன மாதிரி மாப்புக் கேக்கிறேன். மெஷினயும் இங்கயே விட்டுட்டுப் போறேன்."

மோட்டார் இரைந்தது. கறுப்புத் தண்ணீர் சுவரிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கியது. ஹாஜியார் தாமே முன்வந்து, வழிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். அழுக்குத்தான். சாந்து இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். கல்லைப்போல இருந்தது.

அத்துடன் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு மூக்கை எடுத்தாள்.

"செவரத் தோண்டுற மூக்கும் என்னட்ட இரிக்கி. ஒளிக்கமாட்டன். கொங்கிறீட் வடிகான்ல அடச்சத எடுக்க மட்டும் போடுறது." அங்கே கிடந்த தென்னங்குற்றியில் அதால் அடித்தாள். விரல் தடிப்பில் நேர்கோடாக ஒரு பள்ளம் விழுந்தது. "பாருங்க. இந்த மெஷின் தோண்டினா கோடு விழும். ஜன்னலுக்குக் கீழ கோடு எங்க?"

மஸாஹிர், "மூக்கு அவட்ட இரிக்கின்னு அவளே சொல்றாளே" என்று முணுமுணுத்தான்.

அப்போது முன் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஹாஜியாரின் மனைவி உம்மு குல்சூம். அந்த வீட்டில் ஆண்கள் கூடுகிற இடத்தில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

"செவ்வாக்கிழம மஸாஹிர்ட ஆக்கள் வெள்ளக் கேன்ல என்னமோ கொண்டாந்து ஜன்னலுக்குக் கீழ ஊத்தின. நுரை நுரையாப் பொங்கிச்சி. நான் இருமிட்டு உள்ளுக்குப் போனேன். பெயின்ட் நல்லாப் புடிக்கிறதுக்காம். கேன் இன்னம் கிணத்துக்குப் பின்னால கிடக்கு."

ஹாஜியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நேரமும் இதச் சொல்லல்லியே?"

"நீங்க என்னட்டக் கேக்கல்லியே."

நஜாத் போய்க் கேனைத் தூக்கிவந்து படியில் வைத்தான். அடியில் மீதமிருந்ததன் நெடி மூக்கைத் துளைத்தது. மஸாஹிர் தன் ஆட்களைத் திட்டத் தொடங்கினான். தனக்குத் தெரியாமல் செய்துவிட்டார்களாம். கூட்டத்தில் சிலர் மெல்ல வீதிக்கு இறங்கினார்கள்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. விசயம் விளங்கிட்டுது. நீ போ புள்ள."

"விளங்கினதச் சொல்லிருங்க ஹாஜியார்" என்றாள் அஸ்ரியா. "இத்தன பேர்ட முன்னால என்னத் தப்புக்காரி ஆக்கினீங்க. நிக்கிற ஆக்கள் கலையிறதுக்குள்ள, தப்பு என்ட இல்லன்னு சொல்லுங்க. ஒரு சொல்தானே."

ஹாஜியார் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ஓட்டோவில் மெஷினை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்டிலில் தலையை வைத்து அழுதாள். நஜாத் பக்கத்தில் இருந்தான். "வெண்டுட்டுத்தான் வந்திரிக்கீங்க" என்றான். "சொல் வரல்லியே" என்றாள் அவள்.

கலியாணம் நடந்தது. வேறு ஒரு பாஸ் வந்து முன்சுவரைப் பூசிக்கொடுத்தான். இரண்டு மாதம் கழித்து ஹாஜியாரின் சாரதி பாலாவிக்கு வந்தான். பின்சுவர் மாரியில் கறுத்துவிட்டதாம், கழுவ வரட்டுமாம். அஸ்ரியா தேத்தண்ணி கொடுத்து அவனை அனுப்பினாள். "ஹாஜியார் சொல்ல வேண்டியதச் சொன்னா அடுத்த நாளே வருவன். சொல்லாட்டி அந்தச் செவரு அப்பிடியே கிடக்கட்டும்." பெரிய இடத்து வேலையைத் தட்டிவிட்டாள் என்று மாமியார் இரண்டு நாள் புலம்பினார். அதே வாரத்தில் முன்னேஸ்வரத்திலிருந்து சிவகுரு என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் அழைத்தார். கேட்டடியில் நடந்த கதை அவ்வளவு தூரத்துக்கும் போயிருந்தது. "மூக்கைத் தூக்கிக் காட்டின பிள்ளை நீதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

மூன்றாம் மாதம் தொலைபேசியில் உம்மு குல்சூமே பேசினார். "புள்ள, அந்தப் பின்செவரு என்ட குசினிக்கு நேர. காலையில இருந்து அந்திவரைக்கும் நான்தான் அதப் பாக்கிற. அண்டைக்கு ஒங்கள ஏசி முடியிற வரைக்கும் வாய் தொறக்காம நின்டேன். அது என்ட பிழ. என்ட பிழைக்கு நான் மாப்புக் கேக்கிறேன். அவர்ட பிழைக்கு அவர்தான் கேக்கணும். எனக்காக வாங்க."

"ஒங்களுக்காக வாரேன் ராத்தா" என்றாள் அஸ்ரியா.

திங்கட்கிழமை காலை போனாள். கேட்டைத் திறந்தவர் ஹாஜியார். சாரதி இருந்தும் தாமே வந்து திறந்தார். அவரே முந்திக்கொண்டு ஸலாம் சொன்னார். அது மன்னிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, முழுதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

"அந்தச் சொல் இன்னம் வரல்ல, ஹாஜியார்."

அவர் கேட்டின் கொளுக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செவருக்கு எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டார்.

"நல்ல தண்ணி எதுன்னு நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்று வண்டியை உள்ளே விட்டாள்.

அன்று மாலைக்குள் பின்சுவர் வெளுத்தது. அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை போகிறாள். ஒவ்வொரு முறையும் ஸலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு அதே வசனத்தைச் சொல்கிறாள். ஹாஜியார் இதுவரை சொல்லவில்லை. அவள் கேட்பதை நிறுத்தவுமில்லை.