குளிருக்குள் விட்டுப்போன பாம்புகள்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் ஓர் அடுக்குமாடித் தொகுதியைப் பராமரிப்பது என் வேலை. குழாய் ஒழுகினாலும், யாராவது வீட்டைக் காலி செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெப்ரவரி மாதம், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒருவன் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டான். சில நாள் கழித்து வீட்டைப் பார்வையிடப் போனேன். ஹீட்டர் நிறுத்தப்பட்டிருந்தது. மின்சாரத்தின் பிரதான சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருந்தான்.

படுக்கையறையில் மூன்று கண்ணாடிப் பெட்டிகள். மூன்றிலும் பாம்புகள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மலைப்பாம்பு என்றால் சின்ன வயதில் இலங்கையில், வன்னியில் பார்த்த வெங்கிணாந்தி மட்டும்தான் தெரியும். இங்கே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகளுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். நான் தமிழில் கேட்க, வழக்கம்போல அவள் டேனிஷில் பதில் சொன்னாள்.

"பெரிசு ஒண்டு கிடக்குப் பிள்ளை. வால் செங்கல் நிறம். அசையேல்லை."

"அது போவா, அப்பா. தென் அமெரிக்காப் பாம்பு. முட்டை இடாது, குட்டிதான் போடும். தொட்டுப் பாருங்கள்."

தொட்டேன். விறைத்திருந்தது. செத்துப்போயிருந்தது.

இரண்டாவது, தலையை நடுவில் ஒளித்து, பந்துபோலச் சுருண்டு கிடந்தது. மேற்கு ஆபிரிக்காவின் பைதன் என்ற மலைப்பாம்பு, பயந்தால் இப்படித்தான் சுருளும் என்றாள். உயிர் இருந்தது. மூன்றாவது அவுஸ்திரேலியாவின் பைதன். விரிப்பில் நெய்ததுபோலக் கறுப்பும் மஞ்சளுமாய்க் கோலம். அதன் மடிப்புகளுக்கு அடியில் வெள்ளை முட்டைகள் தெரிந்தன. உடம்பு முழுக்க விட்டுவிட்டுத் துடித்தது.

"இதுவும் சாகப் போகுது போல."

தொலைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "இல்லை அப்பா. உடம்பை நடுக்கி முட்டைக்குச் சூடு குடுக்குது."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. பிரதான சுவிட்சைப் போட்டேன். பெட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்குகள் எரிந்தன. ஒரு விரல் அசைத்தால் போதுமான வேலை அது. அதைத்தான் அவன் செய்யாமல் போயிருக்கிறான்.

மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். "பையில் கட்டிப் பல்கனியில் வை. மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். உங்கள் நாட்டில் பாம்பு சாதாரணம்தானே?"

பதினைந்து வருடத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் என் டேனிஷ் உடைந்துபோகும். அன்று உடையவில்லை.

"நான் வைக்கமாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து உன் கையால் வை."

தொலைபேசியை வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவித்தேன். அவர்கள் சொன்னபடி, உயிரோடிருந்த இரண்டையும் முட்டைகளையும் மகள் கொண்டுவந்த துவாய்களில் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல்கள் வைத்து, என் காரிலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். பாம்புகள் இரண்டும் பிழைத்தன. முட்டைகள் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அவை குளிரில் ஏற்கெனவே செத்துவிட்டன என்றார் வைத்தியர். அது தெரியாமல்தான் அந்தத் தாய் அவ்வளவு நேரமும் உடம்பை வருத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்தவன் என் வேலையறை வாசலில் வந்து நின்றான்.

"என் கண்ணாடிப் பெட்டிகள் எங்கே? புதுசு, எனக்குத் தேவை."

"பாம்புகளைப் பற்றிக் கேட்கமாட்டாயா?"

"அவை மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். பாம்புதானே."

"சாப்பாடு இல்லாமல் இருக்கும். சூடு இல்லாமல்?" என்றேன். செத்த போவாவையும் முட்டைகளையும் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு நின்றான். "சரி, பெட்டிகள்?" என்றான் மறுபடியும்.

"பொலிசில் இருக்கு. போய்க் கேள்." கதவை அவன் முகத்தில் அடித்துச் சாத்தினேன்.

அவனுக்குத் தண்டம் விதித்ததாகப் பிறகு அறிந்தேன். "விடுங்கோ அப்பா, அது முடிஞ்ச கதை" என்கிறாள் மகள். ஓம், முடிந்த கதைதான். ஆனாலும் அவனை எங்காவது கண்டால் இன்னொருமுறை கேட்பேன்: சூடு இல்லாமல்?